எபிரேய எழுத்தும் நம் ‘ஐ’ உருபும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரேயத்தின் எழுத்துகள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 22 எழுத்தும் 22 படங்களாம், ஒவ்வொன்றிலும் கிறிஸ்து மறைந்திருக்கிறாராம். அதை வெட்டி என் பேத்தியின் ஓய்வுநாள் பள்ளிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சென்னிமலையில் வளர்ந்தவள். அப்பா தறி நெய்தவர். ராத்திரி ஜெபத்தில் வேதாகமத்தின் 119ஆம் சங்கீதம் வந்தால், எட்டு வசனத்துக்கு ஒருமுறை ஆலெப், பேத், கிமெல் என்று ஒரு சொல் தனியாக நிற்கும். “இது என்னங்கப்பா?” என்று கேட்டால், “ராகத்தோட பேரா இருக்கும் கண்ணு, நிறுத்திப் படி” என்பார். அவை எழுத்தின் பெயர்கள் என்று தமிழாசிரியை ஆன பிறகுதான் எனக்கே தெரிந்தது. 22 எழுத்து, எழுத்துக்கு எட்டு வசனம், ஆக 176 வசனம். ஒரு பகுதியின் எட்டு வசனமும் மூலத்தில் அதே எழுத்தில்தான் தொடங்கும். “அறம் செய விரும்பு, ஆறுவது சினம்” என்று ஔவை கட்டிய வரிசையைப் படித்த நமக்கு இது புரியாதா? நீதிமொழிகள் 31இல் குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய 22 வசனமும் இப்படித்தான். எழுத்தில் உள்ள இந்த நிஜ அழகைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

எழுத்துகளின் பெயர்களுக்குப் பின்னால் பழைய படங்கள் இருந்தது உண்மை. ஆலெப் காளை, பேத் வீடு, டாலெத் கதவு. லாமேட் என்பது உழவன் கையில் இருக்கும் கோல், நம் பக்கத்துத் தார்க்குச்சி. காங்கேயம் காளையை ஓட்டிய ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. (பவுலிடம் ஆண்டவர் “முள்ளில் உதைக்கிறது உனக்குக் கடினமாமே” என்றாரே, அந்த முள்ளும் இதுதான்.) ஆனால் ‘வௌ’ என்ற எழுத்தின் பெயருக்குப் பொருள் கொக்கி. இஸ்ரவேலர் தொழுத ஆசரிப்புக் கூடாரத் தூண்களின் கொக்கிகளுக்கு யாத்திராகமத்தில் இதே சொல்தான். கட்டுரை அதைச் சிலுவையின் ஆணி ஆக்கிவிட்டது. ஆணிக்கு எபிரேயத்தில் வேறு சொல் உண்டு.

என்னை அதிகம் வருத்தியது ‘எத்’. ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் ஆலெப்பும் தௌவும் சேர்ந்து, அதாவது முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சேர்ந்து, ‘எத்’ என்று பொருளில்லாத ஒரு சொல்லாக நிற்கிறதாம்; அது கிறிஸ்துவின் ரகசியக் கையெழுத்தாம். முப்பது வருஷம் இலக்கணம் நடத்தினவள் சொல்கிறேன், அது செயப்படுபொருளைக் காட்டும் உருபு. நம் இரண்டாம் வேற்றுமை செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. “ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்.” அந்த வசனத்தில் ‘எத்’ இரண்டு முறை வருகிறது. நம் மொழிபெயர்ப்பில் ‘ஐ’ இரண்டு முறை வருகிறது, எண்ணிப் பாருங்கள். பழைய ஏற்பாட்டில் ஆயிரக்கணக்கான இடங்களில், பாவிகளுக்கும் பாத்திரங்களுக்கும்கூட, அதே உருபு வருகிறது. கிரேக்கத்தின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் சொல்லி, “நான் அல்பாவும் ஓமெகாவும்” என்று வெளிப்படுத்தலில் கிறிஸ்துவே வாய்விட்டுச் சொல்லியிருக்கும்போது, உருபுக்குள் ஏன் தேட வேண்டும்?

எழுத்துகளைத் தியானிப்பது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. 384இல், வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த எரோனிமுஸ், தம் சீடர் பவுலா அம்மையாருக்கு எழுதிய கடிதத்தில் இந்த எழுத்துகளுக்கே பொருள் சொன்னார். அவருக்கு ஆலெப் ‘போதனை’, பேத் ‘வீடு’. சேர்த்தால் தேவனுடைய வீடான சபையின் போதனை. எபிரேயம் கற்ற அந்தப் பெரியவருக்கு ஆலெப்பில் காளை தெரியவில்லை, போதனைதான் தெரிந்தது. ஆளுக்கு ஆள் இப்படி மாறுவதைச் சூத்திரம் போலப் பிள்ளைகளுக்கு ஒப்பிக்கக் கொடுக்கலாமா?

‘தௌ’ மட்டும் வேறு. பழைய எழுத்தில் அது பெருக்கல் குறியாகவோ கூட்டல் குறியாகவோ இருந்தது. எசேக்கியேல் 9இல் அருவருப்புகளுக்காகப் பெருமூச்சுவிட்டு அழுகிறவர்களின் நெற்றியில் போடச் சொன்ன அடையாளத்துக்கு மூலத்தில் உள்ள சொல்லே ‘தௌ’தான். ஆதித் திருச்சபையார் அதில் சிலுவையைக் கண்டார்கள். அதற்கு எழுத்தின் வடிவமும் வசனமும் இரண்டும் இடம் கொடுக்கின்றன. அந்தப் பகுதியை வாசிக்கும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும். கட்டுரையில் அதற்கு அரை வரிதான் கிடைத்தது.

இனி இப்படி எழுதினால் எது இலக்கணம், எது தியானம் என்று தயவுசெய்து பிரித்துப் போடுங்கள். வரும் ஞாயிறு அந்தச் சுவரில் 119ஆம் சங்கீதத்தின் முதல் எட்டு வசனத்தை எபிரேயத்தில் எழுதி, தொடக்க எழுத்துகளுக்கு மட்டும் சிவப்பு மை போட்டு ஒட்டப் போகிறேன். பேத்தி உதவுகிறேன் என்றிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ஈரோடு.