கேப்டன் மெக்கானல் அவர்களுக்கு, பதினாறைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய கேப்டன் ஜோசப் மெக்கானல் அவர்களுக்கு,

உங்கள் பெயரைச் சொன்ன உடனே 16 என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. 1953 ஜனவரி 14 முதல் மே 18 வரையிலான நான்கு மாதச் சொச்சத்தில், கொரியப் போரில், மிக்-15 என்ற சோவியத் ஜெட் போர் விமானங்கள் பதினாறை வீழ்த்தினீர்கள்; ஜெட் போரில் அந்த எண்ணிக்கையைத் தாண்டிய அமெரிக்க விமானி இன்றுவரை இல்லை. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் உங்கள் வாழ்க்கையைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் என் மனம் போய் நிற்பது அந்த நான்கு மாதங்களில் அல்ல, அதற்கு முந்தைய ஆண்டுகளில்தான்.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டோவர் நகரில் 1922இல் பிறந்த நீங்கள், 1940இல் ராணுவத்தில் சேர்ந்தபோது மருத்துவப் பிரிவில் போடப்பட்டீர்கள். விமானியாக வேண்டும் என்று விடாமல் கேட்டுப் பயிற்சிக்குப் போனால், அங்கே கிடைத்தது நேவிகேட்டர் வேலை. பி-24 குண்டுவீச்சு விமானத்தில் வரைபடமும் பென்சிலுமாக உட்கார்ந்து, ஐரோப்பிய வானில் இன்னொருவர் ஓட்டும் விமானத்துக்கு வழி கணித்துக் கொடுத்தீர்கள். தான் விரும்பிய வேலையை இன்னொருவர் செய்வதைச் சில அடி தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டே, தனக்குக் கொடுத்த வேலையையும் பிழையில்லாமல் செய்வது எவ்வளவு கடினம்! போர் முடிந்த பிறகும் நீங்கள் விலகவில்லை. 1948இல், அரிசோனாவின் வில்லியம்ஸ் தளத்தில்தான் உங்களுக்கு விமானி என்ற தகுதி கிடைத்தது. ராணுவத்தில் சேர்ந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதன் பிறகு கொரியா. தென்கொரியாவின் சுவோன் தளத்தில் 39ஆம் ஸ்குவாட்ரன் என்ற போர் விமானப் பிரிவு. உங்கள் மனைவியின் செல்லப் பெயரைத் தாங்கிய எஃப்-86 சேபர் என்ற ஜெட் போர் விமானம். அங்கிருந்து வடக்கே, வடகொரியாவுக்கும் சீனாவுக்கும் எல்லையான யாலு நதி வரை பறந்துபோனால், திரும்பி வரத் தேவையான எரிபொருள் போகச் சண்டைக்கு மிஞ்சுவது சொற்ப நிமிடங்கள். மிக்-15 உங்கள் விமானத்தைவிட உயரமாக ஏறக்கூடியது. அதன் மூக்கில் ஒரு 37 மி.மீ. பீரங்கியும் இரண்டு 23 மி.மீ. பீரங்கிகளும் இருந்தன. உங்களிடம் இருந்தவை ஆறு இயந்திரத் துப்பாக்கிகள், தூரத்தை ரேடார் மூலம் அளந்து சொல்லும் குறிநோக்கி, அதிவேகத்திலும் சொன்னபடி கேட்கும் வால் இறக்கை. பிப்ரவரி 16 அன்று ஐந்தாவது மிக் விழுந்து, ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்தியவருக்குத் தரும் ஏஸ் என்ற பெயரைப் பெற்றீர்கள்.

1953 ஏப்ரல் 12 பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். அன்று நீங்கள் எட்டாவது மிக்கை வீழ்த்தினீர்கள், நீங்களும் வீழ்த்தப்பட்டீர்கள். அடிபட்ட சேபரை மஞ்சள் கடலின் மேல்வரை கொண்டுவந்து, இருக்கையோடு வெளியேறிப் பாராசூட்டில் இறங்கினீர்கள். சில நிமிடங்களில் மீட்பு ஹெலிகாப்டர் உங்களைத் தண்ணீரிலிருந்து தூக்கிக்கொண்டது. சோவியத் விமானிகள் அந்தப் போரில் பறந்ததே நெடுங்காலம் மறைக்கப்பட்டிருந்ததால், உங்களைச் சுட்டவர் யார் என்பது அப்போது வெளியே வரவில்லை. அவர் செம்யோன் ஃபெடோரெட்ஸ் என்று பின்னாளில் ரஷ்யத் தரப்பிலிருந்து செய்தி வந்தது. அதே சண்டையில் அவரும் சுடப்பட்டுப் பாராசூட்டில் குதித்தாராம், அவரைச் சுட்டவர் நீங்கள்தானாம். கடலில் ஒருவர், மண்ணில் ஒருவர் என இருவரும் உயிரோடு இறங்கினீர்கள் என்பதைப் படித்தபோது எனக்கு உண்டான நிம்மதியை மறைக்க விரும்பவில்லை. விழுந்த விமானங்களைத்தான் பட்டியல் எண்ணுகிறது. அவற்றுக்குள் இருந்தவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

சில நாள்களிலேயே நீங்கள் மீண்டும் யாலுவை நோக்கிப் பறந்துவிட்டீர்கள். அந்த இருக்கையோ பாராசூட்டோ அடுத்த முறை கைவிடாது என்று யாரும் உறுதி கொடுத்திருக்க முடியாது. மே 18 அன்று ஒரே நாளில் மூன்று மிக் விமானங்கள். உடனே உங்களையும், பதினான்கரை வெற்றிகள் (இருவர் பகிர்ந்துகொண்ட வெற்றி அரை) கண்ட விமானி மானுவெல் ஃபெர்னாண்டஸையும் தாயகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளை மாளிகையில் அதிபர் ஐசன்ஹோவரின் வரவேற்பும் கிடைத்தது. உங்களை இழந்துவிடக் கூடாது என்ற அக்கறையில் எடுத்த முடிவு அது. சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

அப்படிக் காப்பாற்றி அனுப்பிய ஓராண்டுக்குப் பிறகு, 1954 ஆகஸ்ட் 25 அன்று, எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் எஃப்-86எச் என்ற புதிய சேபரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அந்த விமானம் உங்கள் கட்டுப்பாட்டை விட்டுப் போனது. எதிரி யாரும் இல்லாத வானம். உங்களுக்கு வயது 32. இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட் இல்லாததே காரணம் என்று முடிவு செய்தார்கள். முப்பத்தேழு மில்லிமீட்டர் குண்டுகளுக்குத் தப்பிய உங்களை, யாரோ மாட்டாமல் விட்ட, அல்லது கழன்றுபோன, ஒரு சிறு இரும்புத் துண்டு கொண்டுபோனதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

ஒரு செய்தி மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. உங்கள் மறைவுக்குப் பிறகு, அந்தக் கோளாறு என்னவென்று கண்டறிய, ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்த சோதனை விமானி சக் யேகரை அனுப்பினார்கள். பாதுகாப்பான உயரத்துக்கு ஏறி, உங்கள் விமானத்துக்கு நேர்ந்ததை வேண்டுமென்றே தன் விமானத்திலும் நிகழ்த்திப் பார்த்தார் அவர்.

பேரன்புடன்,
உங்கள் வாசகன்