பைத்தானின் எக்ஸ்எம்எல் நூலகத்தைப் பராமரிப்போருக்கு: தவறு யார் பக்கம் என்று சொல்லுங்கள்

பைத்தான் மொழியின் மைய மேம்பாட்டாளர்களுக்கு, குறிப்பாக அதன் செந்தர நூலகத்தில் எக்ஸ்எம்எல் பகுதியைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு,

வணக்கம்.

பிறர் அனுப்பும் எக்ஸ்எம்எல் கோப்புகளை, அதாவது குறிகளுக்கிடையே தரவை வைத்து எழுதிய உரைக்கோப்புகளை, படித்துத் தரவுத்தளத்தில் ஏற்றுவது என் வேலை. அனுப்புகிறவர்கள் யாரும் என் பேச்சைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர். கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்று ஏற்றுமதி செய்யும் கோப்புகளில் எண் 4 என்ற கட்டுப்பாட்டு எழுத்துக்கான குறியீடு தாராளமாகக் கிடக்கும். எக்ஸ்எம்எல் 1.0 அதை அனுமதிப்பதில்லை. உங்கள் நூலகத்தில் எக்ஸ்எம்எல் படிக்க உதவும் எலிமென்ட்ட்ரீ என்ற நிரற்கூறு அந்தக் கோப்பை மறுத்துவிடுகிறது; மறுப்பதுதான் சரி. இப்படிப்பட்ட குறையைக் கண்டால் வழக்கமான செயலாக்கத்தைத் தொடரக் கூடாது என்று 1998-இல் வந்த எக்ஸ்எம்எல் பரிந்துரையே சொல்லிவிட்டது. அந்தக் கண்டிப்பின் மேல் எனக்கு வருத்தமில்லை. மறுப்பைச் சொல்லும் விதத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு கோப்பு ஏறாமல் நின்றால் எனக்கு முதலில் தெரிய வேண்டியது, தவறு யார் பக்கம் என்பது. அனுப்பியவர் பக்கம் என்றால் கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும். என் நிரலில் என்றால் நான் திருத்த வேண்டும். வட்டிலோ வலையமைப்பிலோ என்றால் சற்றுப் பொறுத்து மறுபடி முயல வேண்டும். மூன்றுக்கும் மூன்று விதமான நடவடிக்கை. விதிவிலக்குகளை, அதாவது நிரல் ஓடும்போது எழும் பிழைகளை, வகை பிரித்து வைத்திருப்பதே இதற்காகத்தானே? உங்கள் நூலகத்தில் அந்த வகைகளை வைத்துக்கொண்டு இதைத் தீர்மானிக்க முடியவில்லை.

ஒரே தொகுப்புக்குள் எக்ஸ்எம்எல் படிக்க மூன்று கதவுகள் இருக்கின்றன: எலிமென்ட்ட்ரீ, மினிடாம், சாக்ஸ். மூடாத குறி ஒன்றுள்ள ஒரே கோப்பை எலிமென்ட்ட்ரீயிடம் கொடுத்தால் பார்ஸ்எரர் என்ற பிழை வருகிறது. மினிடாமிடம் கொடுத்தால் எக்ஸ்பாட்எரர். சாக்ஸிடம் கொடுத்தால் சாக்ஸ்பார்ஸ்எக்செப்ஷன். மூன்றுக்கும் அடியில் வேலை செய்வது எக்ஸ்பாட் என்ற ஒரே பகுப்பான் (கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரல்). ஆனால் இந்த மூன்று பிழைகளுக்கும் பொதுவான தாய் வகுப்பு, அதாவது மூன்றையும் ஒரே பெயரில் பிடிக்க உதவும் மேல்வகை, எல்லாப் பிழைகளுக்கும் தாயான எக்செப்ஷனைத் தவிர வேறில்லை. வரி எண்ணைக் கேட்கும் முறைகூட மூன்றிலும் வேறு வேறு: ஒன்றில் இரட்டை மதிப்பு, ஒன்றில் பண்பு, மற்றொன்றில் செயற்கூறு. எந்தக் கோப்பு என்பதைச் சொல்லும் வசதி மூவரில் சாக்ஸிடம் மட்டும் இருக்கிறது. மற்ற இருவரிடம் அது ஏன் இல்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

சரி, எலிமென்ட்ட்ரீயோடு மட்டும் நின்றுகொள்வோம் என்றால், அதற்குள்ளேயும் நிலைமை இதுதான். பார்ஸ்எரரை மட்டும் பிடித்தால் கெட்ட கோப்புகளெல்லாம் பிடிபட்டுவிடும் என்றுதான் புதிதாக வருகிறவர் நினைப்பார். கோப்பின் முதல் வரியில் அறிவித்திருக்கும் குறியேற்றம் (எழுத்துகளை எண்களாக்கும் முறை) பைத்தானுக்குத் தெரியாததாக இருந்தால் வருவது லுக்கப்எரர். ஜப்பானிய மொழிக்கான ஷிஃப்ட் ஜிஸ் போல ஓர் எழுத்துக்குப் பல பைட்டுகள் கொண்ட குறியேற்றமாக இருந்தால், நான் புழங்கும் பதிப்புகளில் வருவது வேல்யூஎரர். தமிழர்களுக்கு இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. யூனிகோடுக்கு முன் நாங்கள் புழங்கிய திஸ்கி, இணையத்துக்கான பெயர்களையும் எண்களையும் பதியும் அமைப்பான ஐயானாவின் பதிவேட்டில் முறையாக ஏறிய குறியேற்றம். பைத்தானின் செந்தர நூலகத்தில் அது இல்லை. இல்லாததைப் பற்றி நான் புகார் சொல்லவில்லை. பழைய ஆவணத்தை மாற்ற வேறு கருவிகள் உண்டு. ஆனால் அந்தப் பெயரை அறிவித்து வரும் கோப்பைப் படிக்க முடியவில்லை என்பது, கோப்பைப் பற்றிய செய்தி. அது லுக்கப்எரராக வருகிறது; என் நிரலில் ஏதோ ஓர் அகராதியில் சாவி கிடைக்காமல் வரும் கீஎரருக்குத் தாய் வகுப்பும் அந்த லுக்கப்எரரே. யார் மேல் பழி போடுவது?

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. பார்ஸ்எரரின் தாய் வகுப்பு சின்டாக்ஸ்எரர். பைத்தான் நிரலையே தப்பாக எழுதினால் வரும் அதே பிழை. பெயர் ஒற்றுமைக்காக அதன் கீழ் வைத்தீர்கள் என்றால், அந்தத் தாயிடம் இருக்கும் கோப்புப் பெயர், வரி எண் ஆகிய பண்புகளையாவது நிரப்பியிருக்கலாம். அவை வெறுமையாகவே கிடக்கின்றன. வரியும் நெடுவரிசையும் தனியாக வேறொரு பண்பில் இருக்கின்றன. போதாக்குறைக்கு, உறுப்பைத் தேடும் ஃபைண்ட் செயற்கூறுக்கு நான் கொடுக்கும் பாதை தப்பாக இருந்தாலும் வருவது வெறும் சின்டாக்ஸ்எரர். பெயர்வெளியின் (ஒரே பெயருள்ள குறிகளைப் பிரித்துக் காட்டும் ஏற்பாட்டின்) முன்னொட்டை நான் அறிவிக்க மறந்தாலும் அதுவே. ஆக, அனுப்பியவர் செய்த தவறும் நான் செய்த தவறும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அனுப்பியவர் செய்த இன்னொரு தவறு, அதாவது குறியேற்றம், வேறு வீட்டில் இருக்கிறது.

எலிமென்ட்ட்ரீயிலேயே உள்ள எக்ஸ்எம்எல்புல்பார்சர் என்ற படிப்பான் இதை இன்னும் அழகாகக் காட்டும். துண்டு துண்டாக வரும் தரவை ஊட்டும்போது குறி பொருந்தாவிட்டால் பிழை அங்கேயே எழுவதில்லை. வரிசையில் சேர்த்து வைக்கப்பட்டு, நிகழ்வுகளைப் படிக்கும்போதுதான் எழுகிறது. அப்படிச் சேர்த்து வைப்பது சின்டாக்ஸ்எரரை மட்டுமே. குறியேற்றப் பிழை ஊட்டிய இடத்திலேயே வெடிக்கிறது. கெட்ட கோப்பு எந்த விதத்தில் கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, நான் வேறு வேறு இடத்தில் வலை விரித்துக் காத்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு சராசரி நிரலர் என்ன செய்கிறார்? எக்செப்ஷனையே பிடித்து, 'கோப்பு சரியில்லை' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு நகர்கிறார். அந்த வலையில் அவருடைய சொந்தப் பிழைகளும் சிக்கி மறைகின்றன. ஃபைண்ட் எதுவும் கிடைக்காமல் வெறுமையைத் திருப்பித் தர, அதனிடம் உரையைக் கேட்டதால் எழுந்த அட்ரிபியூட்எரர்கூட 'கோப்பு சரியில்லை' ஆகிவிடுகிறது. உண்மையில் அந்த உறுப்பு கட்டாயமில்லை என்று கோப்பின் அமைப்பை விளக்கும் திட்ட வரையறையில் எழுதியிருக்கலாம். கோப்பு மிகச் சரியானதாகவும் இருக்கலாம்.

தனியாக நிறுவிக்கொள்ளும் எல்எக்ஸ்எம்எல் நூலகம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். அதன் பிழைகளுக்கு ஒரே வேர் வகுப்பு உண்டு; பாதைப் பிழைக்குத் தனி வகுப்பு; வரி, நெடுவரிசை, கோப்புப் பெயர் எல்லாம் அடங்கிய பிழைப்பதிவும் உண்டு. ஆனால் வெளியிலிருந்து எதையும் நிறுவ அனுமதிக்காத கணினிகளில் செந்தர நூலகம் மட்டுமே துணை. கெட்ட கோப்பையும் மீட்டுப் படிக்கும் எல்எக்ஸ்எம்எல்லின் வசதியைச் சிலர் மாற்றாகச் சொல்கிறார்கள். கணக்குத் தரவில் அதை நான் தொடமாட்டேன். எந்த வரியை விட்டுவிட்டுப் படித்தது என்று கேட்டால் நான் எதைக் காட்டுவது?

ஜாவா மொழியின் வழியையும் நான் கேட்கவில்லை. அங்கே ஓர் ஆவணத்தைப் படிக்க மூன்று விதமான பிழைகளைப் பிடித்தோ அறிவித்தோ தீர வேண்டும். அதன் விளைவாக, உள்ளே ஒன்றுமில்லாத பிடிப்புத் தொகுதிகள் ஊரெல்லாம் இருக்கின்றன.

உங்கள் வீட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. பைத்தான் 3.3-இல் ஐஓஎரர், சாக்கெட் பிழை என்று சிதறிக் கிடந்தவற்றை ஓஎஸ்எரரின் கீழ் ஒன்றாக்கினீர்கள். 3.5-இல் ஜேசான் என்ற தரவு வடிவத்துக்கான நூலகத்துக்குத் தனிப் பிழை வகுப்பு தந்தீர்கள். அதை வேல்யூஎரரின் கீழ் வைத்ததால் பழைய நிரல் எதுவும் உடையவில்லை. அதையே இங்கும் செய்யலாம். எக்ஸ்எம்எல் தொகுப்புக்கு ஒரு வேர் வகுப்பு வேண்டும். பார்ஸ்எரர் அதற்கும் சின்டாக்ஸ்எரருக்கும் சேர்த்துப் பிள்ளையாக இருக்கட்டும். எக்ஸ்பாட், சாக்ஸ் பிழைகளும் அந்த வேரின் கீழ் வரட்டும். குறியேற்றப் பிழைக்கு, பார்ஸ்எரரிலிருந்தும் இப்போதுள்ள தாயிடமிருந்தும் கிளைக்கும் வகுப்பு ஒன்று. பாதைப் பிழை சின்டாக்ஸ்எரரின் கீழேயே தனி வகுப்பாக, கோப்புப் பிழைகளோடு கலக்காமல் இருக்க வேண்டும். கோப்பின் பெயர் தெரிந்திருந்தால் அதையும் பிழையில் எழுதிவிடுங்கள். இப்போது 3.11-இல் வந்த குறிப்புச் சேர்க்கும் வசதியைக் கொண்டு ஒவ்வோர் இடத்திலும் நான்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதில் ஒரே ஒரு நடத்தை மாற்றம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. குறியேற்றப் பிழையும் சின்டாக்ஸ்எரர் ஆகிவிட்டால், புல்பார்சரில் அதுவும் தாமதமாகவே எழும். ஊட்டும் இடத்தில் லுக்கப்எரரைப் பிடித்து வைத்திருப்பவருக்கு அது மாறித் தெரியும். ஒரு பதிப்புக்கு முன்பே எச்சரித்துவிட்டுச் செய்யலாம் என்பது என் எண்ணம். பிள்ளையில்லாத உறுப்பைப் பொய் என்று மதிக்கும் பழைய வழக்கத்துக்கு 3.12-இல் எச்சரிக்கை கொடுத்தீர்களே, அதுபோல.

எழுதும் பக்கத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். உரையில் எண்ணை வைத்தால் டைப்எரர் தருகிறீர்கள். செங்குத்துத் தாவல் போன்ற தடைசெய்யப்பட்ட எழுத்தை வைத்தால் சத்தமில்லாமல் எழுதிவிடுகிறீர்கள். அதை உங்கள் நூலகமே திரும்பப் படிக்க மறுக்கிறது. எல்எக்ஸ்எம்எல் அந்த எழுத்தை உள்ளே விடும்போதே வேல்யூஎரர் தருகிறது. விருப்பத் தேர்வாகவாவது அந்தச் சோதனையை எலிமென்ட்ட்ரீயில் வையுங்கள்.

என்னால் முடிவு செய்ய இயலாதது ஒன்றுதான்: வேர் வகுப்பு எங்கே இருக்க வேண்டும்? எக்ஸ்பாட் நிரற்கூறு சி மொழியில் தனியாக நிற்கிறது. அது தன் மேலிருக்கும் பைத்தான் தொகுப்பை இறக்குமதி செய்வது முறையன்று. வேரை அந்தச் சி நிரற்கூறிலேயே வைத்து மேலே பெயர் கொடுக்கலாமா, அல்லது வேறு இடம் வேண்டுமா என்று நீங்கள் சொன்னால், மீதியைச் சோதனைகளோடு நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பைத்தானைப் பயன்படுத்தும் ஒரு நிரலர்