கிழக்கு மனைக்கு ஆள் வந்துவிட்டது

மதுரை,
மே 10.

அன்புள்ள கோமதி,

இங்கே எல்லோரும் நலம். இவருக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, பேரன் நடக்கிறான். உன் நலத்தை வசந்தா சொல்லிவிட்டாள். ரயில் நிலையச் சங்கதியையும் சேர்த்துத்தான் சொன்னாள். இந்த வயதிலுமாடி இப்படி? அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். கிழக்குப் பக்கத்துக் காலி மனையை விற்றுவிட்டார்கள். போன வாரம் பூமி பூஜை போட்டு, சுண்ணாம்பில் கோடும் இழுத்தாகிவிட்டது. கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே மூன்று மாடியாம். வாங்கியவர் நல்ல மனிதர், பூஜைக்கு இனிப்பெல்லாம் கொடுத்துவிட்டார். அவர் இடம், அவர் காசு. நீயாக இருந்தால் இந்நேரம் மாநகராட்சிக்கு மூன்று பக்கம் மனு எழுதியிருப்பாய்.

என் கவலை மல்லிகைதான். மேற்கு வெயிலை எங்கள் வீடே மறைத்துவிடுகிறது. செடிக்கு வருவது காலை வெயிலும் கொஞ்சம் உச்சி வெயிலும். அந்தக் காலை வெயிலும் போனால் இலைதான் தழைக்கும், மொட்டு வைக்காது. நந்தியாவட்டை நிழலிலும் பூத்துத் தொலைக்கும். செம்பருத்தி பாதியாவது தரும். மல்லிகை அப்படி இல்லை, வெயில் இருந்தால்தான் பூ.

அதுவும் இந்த வருஷம் பார்த்தா இப்படி ஆக வேண்டும்! கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து பண்ணி, இலையை உருவி, தொழு உரம் வைத்தேன். பங்குனியில் ஆரம்பித்தது, சித்திரை முடியப்போகிறது, இன்னும் அடங்கவில்லை. காலையில் லேசாகப் பச்சை ஓடியிருக்கும் மொட்டு, நாலு மணிக்கெல்லாம் பால்வெள்ளையாகிக் கொழுத்து நிற்கிறது. அப்போதே பறித்தால்தான் கட்டி முடிக்கும்வரை வாய் திறக்காது. ஏழு மணிக்கு மேல் விட்டுவைத்தால் செடியிலேயே மலர்ந்து, மறுநாள் காலையில் தரையெல்லாம் வெள்ளை. நடுவில் புழு வந்து மொட்டு மொட்டாகத் துளைத்து, இழையால் சேர்த்துப் பின்னி வைத்தது. வேப்பெண்ணெய் அடித்ததும் குறைந்தது. எதிர்வீடு, மாடிவீடு, பிள்ளையார் எல்லோருக்கும் கொடுத்தும் மிச்சம். மார்கழியில் கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும்போது ஒரு மொட்டு தராது, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை விழுந்து கிடக்கும்போது கொட்டித் தீர்க்கும். பிழைக்கத் தெரியாத செடி, நம்மைப் போல.

உன் மே மலரும் பூத்துவிட்டது. கொடைக்கானலில் நீ "வாங்கிய" அதே கிழங்குதான். கோடை மழை ஒன்று பெய்ததும் இலையே இல்லாமல் தண்டு மட்டும் மண்ணைப் பிளந்துகொண்டு வந்து, நுனியில் சிவப்புப் பந்து. கிட்டே போய்ப் பார்த்தால் அது ஒரே பூ இல்லை, நூறு குட்டிப் பூ. ஒவ்வொரு இழை நுனியிலும் மஞ்சள் பொட்டு. பேரன் உதைக்கக் காலைத் தூக்கினான், தடுத்துவிட்டேன்.

சரி, மல்லிகைக்கு வருகிறேன். அம்மா ராமேஸ்வரம் போய்த் திரும்பும்போது தங்கச்சிமடத்தில் வாங்கி வந்த நாற்று அது. அதில் அம்மாவைப் பார்க்கிறேன் என்றெல்லாம் வசனம் பேச மாட்டேன், பயப்படாதே. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு நான் நேரம் தவறாமல் செய்கிற ஒரே வேலை அந்த நாலு மணிப் பறிப்புதான். அது இல்லாவிட்டால் அந்த நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்து என்ன செய்வேன் என்று யோசித்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது கோமதி. இவரிடம் சொன்னால் "கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கிக்கொள்" என்கிறார். இவரிடம் போய்ச் சொன்னேன் பார்!

வயசான தூரைத் தோண்டி மாடிக்கு ஏற்றினால் பிழைக்குமோ என்னவோ. அதனால் ஆனியில் பதியம் போடப் போகிறேன். தாழ்ந்த கிளையை வளைத்து, கணுவுக்குக் கீழே லேசாகச் சீவி, மண்ணில் புதைத்து மேலே ஒரு கல். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று நான்கு மாதத்தில் வேர் பிடித்துவிடும். இரண்டு எங்கள் மொட்டைமாடித் தொட்டிக்கு, ஒன்று உனக்கு.

உன் ஃபிளாட் பால்கனி எந்தத் திசை பார்த்தது என்று உடனே எழுது. வடக்கு என்றால் இப்போதே சொல்லிவிடு, அந்தச் செடியை வசந்தாவுக்குக் கொடுத்துவிடுவேன். அவள் சும்மா விடுவாளா, உன்னிடம் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள்.

அன்புடன்,
மீனா