புறாவின் கால்கள்

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். பார்சிலோனாவின் மொன்ட்காடா தெரு வழியாகத்தான் தினமும் போகிறாய், ஆனால் பிக்காசோ அருங்காட்சியகத்துக்குள் இன்னும் நுழையவில்லை என்று எழுதியிருந்தாய். 30 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தவனுக்கு மனம் கேட்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போய்விடு, அம்மா.

பிக்காசோவின் கோணல் முகங்கள் புரியவில்லை என்கிறாய். அவை இருக்கட்டும். முதலில் 'அறிவியலும் ஈகையும்' என்ற படத்தைத் தேடிப் பார். 1897-இல், தமது 15 வயதில் வரைந்தது. ஏறத்தாழ 2 மீட்டர் உயரம், இரண்டரை மீட்டர் அகலம். கட்டிலில் ஒரு நோயாளிப் பெண். குழந்தையை ஏந்திய கன்னியாஸ்திரி ஒருபுறம். மறுபுறம் அவள் நாடியைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்க்கும் மருத்துவர். அந்த மருத்துவராக உட்கார்ந்தவர் பிக்காசோவின் தந்தை ஹோசே ரூயிஸ்.

அவரும் ஓவிய ஆசிரியர்தான். ஸ்பெயினின் மாலகாவிலும் லா கொருன்யாவிலும் கற்பித்துவிட்டு, 1895-இல் நீ இருக்கும் ஊருக்கே வேலைக்கு வந்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் அவருடைய கடைசி மகள் கொன்சிதா தொண்டை அடைப்பான் நோயில் இறந்திருந்தாள். அவர் விரும்பி வரைந்தது புறாக்களை. அவற்றின் கால்களை மட்டும் மகனிடம் வரையக் கொடுப்பார் என்று சொல்வார்கள். இதைப் படித்தபோதெல்லாம் உன் குளக்கரைப் படம் நினைவுக்கு வரும். எட்டாம் வகுப்பில் நீ வரைந்த தண்ணீரை நான் திருத்தினேன், நீ அழுதாய். நான் தூரிகையைத் தொட்டிருக்கக் கூடாது.

மகன் 1901 வாக்கில் 'ரூயிஸ்' என்ற தந்தையின் பெயரைக் கையெழுத்திலிருந்து விட்டுவிட்டு, தாயின் பெயரான 'பிக்காசோ'வை மட்டும் வைத்துக்கொண்டார். புறாக்களை விடவில்லை. 1949-இல் பாரிஸ் அமைதி மாநாட்டின் சுவரொட்டியில் நின்றது அவர் வரைந்த புறா. அந்த மாதமே பிறந்த மகளுக்கு 'பலோமா' என்று பெயர் வைத்தார். ஸ்பானிய மொழியில் அதற்குப் புறா என்றுதானே பொருள்! ஓர் ஆணின் உருவத்தை வரையும்போதெல்லாம் தந்தையின் நினைவே வருகிறது என்று புகைப்படக் கலைஞர் பிரசாயிடம் சொல்லியிருக்கிறார்.

தம் வாழ்வில் வந்த பெண்களை அவர் நடத்திய விதம் எனக்கு இன்றும் வேதனைதான். அதை மறைத்து அவரைப் புகழமாட்டேன்.

அதே அருங்காட்சியகத்தில் 1957-இல் பிரான்சின் கான் நகரத்தில் அவர் வரைந்த வரிசை ஒன்று இருக்கிறது, மொத்தம் 58 படங்கள். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெசின் பழைய அரண்மனை ஓவியம் ஒன்றைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தவர், நடுவில் அதை நிறுத்திவிட்டுத் தம் வீட்டுச் சன்னலோரப் புறாக்களை 9 படங்களில் வரைந்தார். அப்போது அவருக்கு 75 வயது. அந்தப் படங்களின் முன்னால் கொஞ்சம் நேரம் நில்.

பிறகு திரும்பி வரும்போது ஹோசேயின் முகத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு எனக்கு எழுது. நான் அதைப் புத்தகத்தில் உள்ளங்கை அளவில்தான் பார்த்திருக்கிறேன். கடிகாரத்தைப் பார்க்கும் அந்த முகத்தில் என்ன தெரிகிறது?

அன்புடன்,
அப்பா