டம்மி டக் செய்துகொண்ட பெண்ணுக்கும் ஆறு வாரம் ஓய்வு கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டம்மி டக் என்கிற வயிற்று ஆபரேஷன் பற்றி இப்போதெல்லாம் அடிக்கடி விளம்பரம் பார்க்கிறேன். மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம், சீக்கிரமே வேலைக்குத் திரும்பலாம் என்கிற பாணியில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம், அது பொய் இல்லை. ஆனால் வந்த பிறகு அந்த வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள், எத்தனை வாரம் குனிந்து வேலை செய்யக் கூடாது, எதையெல்லாம் தூக்கக் கூடாது என்று ஒரு வரி கூட எங்கேயும் காணோம். ஐம்பத்தைந்து வயதில், சர்க்கரையையும் வைத்துக்கொண்டு இதைச் செய்துகொண்டேன், இன்று நன்றாக இருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

எதற்கு இந்த வயதில் என்று கேட்பவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு இரண்டும் சிசேரியன். வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக இறங்கும் இரண்டு தசைப் பட்டைகள் கர்ப்ப காலத்தில் விலகிப் போகும், பல பெண்களுக்கு அது பழையபடி சேர்வதே இல்லை. அப்புறம் எவ்வளவு நடந்தாலும், ராத்திரி சாப்பாட்டையே விட்டாலும் வயிறு ஐந்து மாதக் கர்ப்பம் போலத் தள்ளிக்கொண்டுதான் நிற்கும். சர்க்கரைக்காக எடையைக் குறைத்தபோது தோல் மட்டும் மடிந்து தொங்கியது. கத்திரி வெயில் வந்தால் அந்த மடிப்புக்குள் வியர்த்து, படை வந்து, களிம்பு போட்டு, ஆறி, மறுபடி வந்து, பஸ் ஸ்டாப் வரை நடப்பதற்குள் எரிச்சல் தாங்காது. டம்மி டக்கில் அந்தத் தொங்கும் தோலையும் அதன் அடியில் இருக்கும் கொழுப்பையும் எடுத்துவிட்டு, விலகிய தசைகளை உள்ளே தையல் போட்டு இழுத்துச் சேர்க்கிறார்கள். கொழுப்பை மட்டும் உறிஞ்சி எடுக்கும் லிப்போசக்‌ஷன் வேறு, அதில் தசை சேராது. உடம்பு இளைப்பதற்கும் இது வழி இல்லை, எடை குறைந்து சில மாதம் அப்படியே நின்ற பிறகுதான் செய்யச் சொல்கிறார்கள்.

எடையைக் குறைக்கும் ஊசிகளான மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. அந்த ஊசி போட்டு இளைத்தவர்கள் எங்கள் வாக்கிங் கூட்டத்திலேயே இருக்கிறார்கள், தோல் தொங்குகிறதே, ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். முதலில் மயக்க டாக்டரிடம் அந்த ஊசியைப் பற்றி அவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள், கடைசியாகப் போட்ட தேதியோடு. அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் மிச்சம் இருக்கும் சாப்பாடு மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்கள், ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள், லேகியம் சாப்பிடுபவர்கள் எல்லோரும் இதேபோல் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும்.

சரி, வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகும் என்று பார்ப்போம். நிமிர முடியாது. ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை தையல், மேலே இருக்கும் தோலைக் கீழே இழுத்துத் தைத்திருப்பதால் முதல் ஒரு வாரம், பத்து நாள் குனிந்தபடிதான் நடக்க வேண்டும், அதில் வயிற்றைவிட முதுகுதான் அதிகமாக வலிக்கும். மல்லாந்து நேராகப் படுக்கக் கூடாது, தலைப்பக்கமும் முழங்காலும் உயர்ந்திருக்க வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் ரிக்லைனர் சோபா வாங்குங்கள் என்கிறார்கள். எங்கள் வீட்டுப் பரணில் அப்பாவின் சாய்வு நாற்காலி இருந்தது, சாய்ந்து படுக்க சுகம்தான், ஆனால் அது தரையோடு தாழ்வு, எழும்போது வயிற்றைத்தான் இறுக்க வேண்டியிருந்தது, தங்கை வந்து கை கொடுத்துத்தான் எழுந்தேன். அதனால் கட்டிலில் முதுகுக்கு மூன்று தலையணை, முழங்காலுக்கு அடியில் இரண்டு என்று மாற்றிக்கொண்டோம். பாயில் படுப்பது, இந்தியன் டாய்லெட்டில் உட்காருவது இரண்டும் பல வாரத்துக்கு நடக்காது. வெஸ்டர்ன் இல்லாத வீடு என்றால் கமோட் நாற்காலியை வாடகைக்கு எடுத்து முன்னாடியே கொண்டுவந்து வைத்துவிடுங்கள். வலி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும், முக்கினால் உயிர் போகும், இசப்கோலும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். இருமல், தும்மல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் அந்த டியூப். உள்ளே ஊறும் நீரை வெளியே இழுக்க இரண்டு பக்கமும் டியூப் போட்டு, ஒவ்வொன்றின் முனையிலும் உருண்டையாக ஒரு பிளாஸ்டிக் குடுவை வைத்து அனுப்புகிறார்கள். அதை நைட்டியில் ஊக்கு குத்தி மாட்டிக்கொள்ள வேண்டும். காலையும் மாலையும் குடுவையைக் காலி செய்து, அளந்து, குடுவையை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மறுபடி மூட வேண்டும். தங்கை அந்தக் கணக்கைக் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள், இந்தப் பக்கம் இவ்வளவு மில்லி, அந்தப் பக்கம் இவ்வளவு மில்லி, நிறம் என்ன என்று. முதலில் சிவப்பு, பிறகு ரோஸ், கடைசியில் வெளிர் மஞ்சள். ஒரு டியூபில் ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால்தான் பொதுவாக டியூபை எடுக்கிறார்கள், சீக்கிரம் எடுத்தால் நீர் உள்ளே தேங்கி ஊசி போட்டு இழுக்க வேண்டி வரும். தேதி கேட்டு டாக்டரை அவசரப்படுத்தாதீர்கள்.

இறுக்கமான பெல்ட்டை ஏறக்குறைய ஆறு வாரம் ராத்திரி பகலாகப் போட்டிருக்க வேண்டும். சென்னையில் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கரண்ட் போன வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். நாள் குறிப்பவர்கள் பொங்கல் முடிந்ததும் குறியுங்கள், துவைத்து மாற்ற இரண்டு பெல்ட் வாங்குங்கள். புடவை கட்டுபவர்கள் பாவாடை நாடாவை இறுக்கி முடிகிற பழக்கத்தைச் சில மாதம் விட்டுவிட வேண்டும், நாடா தழும்புக்கு மேலேயோ, இழுத்த தோலில் புதிதாகத் துளை போட்டுத் தைத்த தொப்புளிலேயோ உரசும். நான் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொண்டேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். பிரசவம் என்றால் நம் வீடுகளில் பூண்டுக் குழம்பும் பத்தியச் சாப்பாடும் வரும். கர்ப்பப்பை எடுத்தால் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாகச் சொந்தக்காரர்கள் வருவார்கள். இதற்கு வந்தவர்கள் “உனக்கு ஏன் இந்த வேலை” என்று கேட்டுவிட்டு, நானே எழுந்து காபி போடுவேன் என்று காத்திருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நானாக ஆசைப்பட்டுச் செய்துகொண்டதாம், அதனால் ஓய்வு கேட்க உரிமை இல்லையாம். உள்ளே தசையை இழுத்துக் கட்டியிருக்கும் தையல் வீட்டுக்காரர்களின் அபிப்பிராயத்தைப் பார்த்து ஆறுவதில்லை. முதல் ஆறு வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதே என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்கிறார்கள். ஐம்பது தாண்டிய ஒரு பெண்ணின் ஒரு நாளை எடுத்துப் பாருங்கள். தண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. இரண்டு வயதுப் பேரன் பத்துப் பன்னிரண்டு கிலோ, அவன் தாவினால் பாட்டி தூக்காமல் இருப்பாளா? ஈரத்துணி பக்கெட், கிரைண்டர் கல், அரிசி மூட்டை. இவற்றோடு மாமியாரைக் கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்கு அழைத்துப் போவதும் அவள்தான். இதில் ஒன்றைச் செய்தாலும் தையல் விட்டுப்போகலாம், ரத்தம் கட்டலாம், நீர் கோக்கலாம். இளவயதுக்காரிக்குத் தாய் வந்து நிற்பாள், நம் வயதில் தாய்க்கே எண்பது வயது, மகனோ மகளோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ. எனக்குத் தங்கை தன் வீட்டைப் பூட்டிவிட்டு கும்பகோணத்திலிருந்து வந்து நின்றாள், அவள் இல்லாவிட்டால் நான் தேறியிருக்க மாட்டேன், இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். ஆபரேஷனுக்குப் பணம் எடுத்து வைப்பவர்கள் சமையலுக்கு ஓர் ஆள், பாத்திரத்துக்கு ஓர் ஆள் என்று அதற்கும் சேர்த்து எடுத்து வையுங்கள். இன்ஷூரன்ஸ் அழகுக்கான ஆபரேஷனுக்குத் தராது. ஹெர்னியா என்கிற குடலிறக்கமும் இருந்து சேர்த்துச் சரிசெய்தால் அந்தப் பகுதிக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு, அதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் பெரிய சண்டையே நடந்தது. பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும், முட்டை ஆகாது, கத்திரிக்காயைத் தொடாதே என்று ஆளாளுக்குச் சொல்லி எனக்கு ரசம் சாதமும் பிரெட்டும் கொடுக்கப் பார்த்தார்கள். புண் ஆறுவதற்குப் புரதம்தான் வேண்டும், பருப்பு, முட்டை, சுண்டல், மீன் எல்லாம் நன்றாகச் சாப்பிடு என்று டாக்டர் போனில் சொன்னதை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டிய பிறகுதான் சாம்பார் வந்தது. எனக்குச் சர்க்கரை வேறு, வெறும் பிரெட்டைத் தின்றுகொண்டிருந்தால் எகிறியிருக்கும், சர்க்கரை எகிறினால் புண் ஆறாது. சிகரெட்டும் புகையிலையும் குறைந்தது நான்கு வாரம் முன்னாலேயே நிறுத்த வேண்டும், வெற்றிலையோடு புகையிலை போடுகிற பெண்கள் அதை ஒரு கணக்காகவே எடுத்துக்கொள்வதில்லை. தோலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து அந்த இடமே கறுத்து அழுகிப் போகலாம்.

ஓய்வு என்றால் அசையாமல் படுப்பது என்று தயவுசெய்து யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்த ஆபரேஷனில் டாக்டர்கள் ரொம்பப் பயப்படுவது காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பதைத்தான். வயது ஏற ஏற அந்த ஆபத்தும் ஏறும். அதனால் முதல் நாளிலிருந்தே, குனிந்தபடியாவது, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடக்கச் சொல்கிறார்கள், படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்கிறார்கள், சிலருக்கு ரத்தம் உறையாமலிருக்க ஊசியும் போடுகிறார்கள். பேரப் பிள்ளையைப் பார்க்க உடனே அமெரிக்கா விமானம் ஏறுவதெல்லாம் கூடாது, எப்போது போகலாம் என்று டாக்டரையே கேளுங்கள்.

மூன்றாவது வாரம் வாக்கில் மனசு விழும். காலையில் தட்டையாக இருந்த வயிறு சாயங்காலம் வீங்கும், தொப்புளுக்குக் கீழே தொட்டால் உணர்ச்சியே இருக்காது, இவ்வளவு பணம் கொட்டி இதற்கா என்று தோன்றும். வீக்கம் வடிந்து வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், தழும்பு மங்க ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கூட ஆகும். நம் நிறத்துக்குத் தழும்பு கறுப்பதும் தடிப்பதும் கொஞ்சம் அதிகம், சிலிக்கான் ஜெல் தடவச் சொல்வார்கள். எனக்கு இப்போது மடிப்பும் இல்லை, படையும் இல்லை, கோடையில் நிம்மதியாக நடக்கிறேன்.

ஒரு மனக்குறையும் உண்டு. நான் ஆபரேஷன் செய்துகொண்ட இடத்தில் டாக்டரும் நர்ஸ்களும் தங்கமானவர்கள், ஆனால் கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாள் முழுக்க ஆங்கிலம், அதிலும் பாதி சுருக்கெழுத்து. பார்த்துக்கொண்ட என் தங்கைக்கு ஆங்கிலம் படிக்க வராது. ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஆனால் அவள்தானே முடிவெடுக்க வேண்டும்? லட்சக்கணக்கில் வாங்கும் மருத்துவமனைகள் தமிழில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்கக் கூடாதா? உங்கள் பத்திரிகையில் இந்த ஆபரேஷன் பற்றி அடுத்த முறை கட்டுரை வரும்போது, செய்பவர் எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று பார்க்கச் சொல்வதோடு, கீழே உள்ளதையும் பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போடுங்கள், வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொள்கிறோம்: ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ விடியும் வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். காய்ச்சல், தையலில் நாற்றமடிக்கும் நீர், வயிறு ஒரு பக்கம் சட்டென்று உப்புவது, தோல் கறுப்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை – 33