டவுன்லோடு முகவரியையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் வாராவாரம் ஓர் இலவச மென்பொருளை அறிமுகம் செய்கிறீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் கடைசியில் 'கூகுளில் தேடி டவுன்லோடு செய்துகொள்ளலாம்' என்று முடித்துவிடுகிறீர்கள். விருத்தாசலத்தில் கணினி சர்வீஸ் கடை வைத்திருப்பவன் சொல்கிறேன், என் கடைக்கு ஆள் அனுப்புவதே அந்த வரிதான்.

தேடினால் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது விளம்பரம். 2022-இல் ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளைத் தேடியவர்களுக்கு, அசல் முகவரியையே காட்டிய விளம்பரம் ஒன்று வந்தது. சொடுக்கினால் திறந்ததோ, பெயரில் ஓரிரு எழுத்தைச் செருகிய போலித் தளம். அதில் இறக்கியது கடவுச்சொற்களைத் திருடும் நிரல். பெரிய டவுன்லோடு தளங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. சோர்ஸ்ஃபோர்ஜ் தளம் 2013-இல், இன்ஸ்டாலரோடு, அதாவது மென்பொருளைக் கணினியில் ஏற்றும் ஃபைலோடு, வேறு மென்பொருள்களைச் சேர்த்துக் கொடுக்கத் தனித் திட்டமே வைத்திருந்தது. 2016-இல் நிர்வாகம் கைமாறிய பிறகுதான் அதை நிறுத்தினார்கள்.

சமீபத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா லேப்டாப்பைக் கொண்டுவந்தார். பிடிஎஃப்பை வேர்டாக மாற்ற எதையோ இறக்கியிருக்கிறார். அன்றிலிருந்து பிரவுசரைத் திறந்தால் வேறு ஏதோ தேடல் பக்கம் வருகிறது, மூலையில் 'வைரஸ்' என்று எச்சரிக்கை துள்ளுகிறது. அந்த இன்ஸ்டாலர் ஃபைல் அப்படியே இருந்தது. கடையில் கிடந்த பழைய கணினியில் போட்டு நிதானமாக ஓட்டிப் பார்த்தேன். முதல் திரையில் 'எக்ஸ்பிரஸ்' என்பது தடித்த எழுத்தில், பக்கத்திலேயே 'ரெக்கமண்டட்'. கீழே மங்கலாக 'கஸ்டம்'. அதைத் தேர்ந்தெடுத்தால்தான் உள்ளே இருப்பது தெரிகிறது: டூல்பார், முகப்புப் பக்க மாற்றம், 'பிசி கிளீனர்' எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருக்கிறார்கள். அடுத்த திரை உரிம ஒப்பந்தம் மாதிரியே இருக்கிறது, ஆனால் அது முற்றிலும் வேறொரு மென்பொருளுக்கான ஒப்பந்தம். 'டிக்ளைன்', அதாவது 'வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்தவே முடியாதது போல வெளிர்சாம்பலில் வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் வேலை நின்றுவிடுமோ என்று நம்மவர்கள் பயப்படுகிறார்கள். நிற்காது, வேண்டியது மட்டும் ஏறும். அந்தக் கிளீனர் இருக்கிறதே, ஏறியதும் நூற்றுக்கணக்கில் பிழைகளைக் காட்டி, சரிசெய்யப் பணம் கேட்கிறது. கல்லெறிந்தவனே கண்ணாடி விற்க வந்த கதைதான்.

காசு கொடுக்க வேண்டிய மென்பொருளின் பூட்டை உடைத்து இலவசமாக ஓட்ட வைக்கும் கிராக் சமாச்சாரம் இதைவிட மோசம். 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இயக்கவும்' என்று கூடவே குறிப்பு வேறு இருக்கும். கதவைத் திறந்து வைக்கச் சொல்லும்போதே சந்தேகம் வர வேண்டாமா? கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் 'ஸ்டாப்' வகை வைரஸ் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் பரவியது.

விண்டோஸ் அனுமதி கேட்கும் பெட்டியில் தயாரிப்பாளர் பெயரைப் படிக்காமல் 'யெஸ்' கொடுக்கக் கூடாது என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறேன். மஞ்சள் பட்டையும் 'அன்நோன் பப்ளிஷர்' (தயாரிப்பாளர் யாரெனத் தெரியாது) என்ற வரியும் இருந்தால் நிறுத்தி யோசிக்கலாம். சில நல்ல சிறு மென்பொருள்களுக்கும் அப்படி வரும் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு செய்யவும் முடியாது. எங்கிருந்து இறக்கினோம் என்பதுதான் முக்கியம்.

ஆகவே, மென்பொருளை அறிமுகம் செய்யும்போது அதைத் தயாரித்தவர்களின் தள முகவரியை முழுதாக அச்சிடுங்கள். வீடியோ பார்க்க உதவும் விஎல்சி என்றால் வீடியோலேன் டாட் ஓஆர்ஜி. அரை வரிகூட ஆகாது. இன்ஸ்டால் செய்யும்போது எந்த டிக்கை எடுக்க வேண்டும் என்று திரையின் படத்தையும் போட்டால் இன்னும் நல்லது. அப்புறம், அண்மையில் தமிழ்த் தட்டச்சு பற்றி எழுதியிருந்தீர்கள். இப்போதைய விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் சேர்த்துக்கொண்டால் போதும், தனியாக எதையும் இறக்க வேண்டாம் என்று அடுத்த வாரம் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினி சர்வீஸ் கடைக்காரர்,
விருத்தாசலம்.