மின்தடையை முன்கூட்டிச் சொல்லுங்கள்: மின் விநியோக அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை மாலை எங்கள் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைத் தெருக்களில் மின்சாரம் நின்றதும், இரவில் ஒருமுறை வந்து போனதும், பிறகு விடியும்வரை திரும்பாததும் தங்கள் பதிவேட்டில் இருக்கும் என்பதால் அவற்றை விவரிக்கப் போவதில்லை. பதிவேட்டில் ஏற வாய்ப்பில்லாத ஒன்றை மட்டும் எழுதுகிறேன். அன்று என் வீட்டுச் சமையலறையில், ஒரு தம்பதியின் ஐம்பதாம் திருமண நாளுக்கான மூன்றடுக்குக் கேரமல் கேக் தயாராகிக்கொண்டிருந்தது.

ஒரு கேக்குக்காக மடலா என்று தங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துவிட்டே மேலே படியுங்கள். அந்தப் பெரியவர் நாட்டுப்படகில் தொழில் செய்து ஓய்ந்தவர்; அந்த அம்மா கருவாட்டுக் கூடை சுமந்து பிள்ளைகளைக் கரையேற்றியவர். வெளிநாட்டில் வேலை செய்யும் பேரப்பிள்ளைகள் பணம் அனுப்பி, தாத்தாவுக்குக் கேரமல்தான் பிடிக்கும் என்று சொல்லிச் செய்யக் கேட்ட கேக் அது.

இந்த வகை கேக் ஒரே மூச்சில் முடிகிற வேலை அல்ல. மூன்று ஸ்பாஞ்சுகளைத் தனித்தனியாகச் சுட்டு ஆறவைத்து, கேரமல் காய்ச்சி, அதில் ஒரு பங்கை வெண்ணெய்க் கிரீமில் கலந்து அடுக்குகளுக்கு இடையில் பூசி, ஃபிரிட்ஜில் இறுகவைத்து, மிச்சக் கேரமலை மேலே ஊற்ற வேண்டும். ஸ்பாஞ்சுக்கு 180 டிகிரி சூடு ஏறக்குறைய அரைமணி நேரம் தடையில்லாமல் வேண்டும். முட்டையை அடிக்கும்போது ஏறிய காற்றும், ஓவனில் உண்டாகும் நீராவியும் மாவைத் தூக்கிப்பிடிக்கின்றன. முட்டையும் மாவும் வெந்து இறுகிய பிறகுதான் அது தன் காலில் நிற்கும். அதற்கு முன்பே சூடு போனால் நடுப்பகுதி குழிந்து களியாகிவிடும். முதல் ஸ்பாஞ்சு பாதி வெந்திருந்தபோது மின்சாரம் நின்றது. அடுத்த இரண்டுக்கும் அடித்து வைத்திருந்த மாவு, மின்சாரம் பத்து நிமிடத்தில் வருமா இரண்டு மணி நேரத்தில் வருமா என்று தெரியாமல் பாத்திரத்திலேயே காத்திருந்து காற்றிறங்கிப் போனது. புகார் எண்ணை அழைத்தேன். "வந்துடும்மா" என்பதே பதில். எப்போது என்ற கேள்விக்கு மறுமுனையில் இருந்தவரிடமும் விடையில்லை. அவர்மீது எனக்குக் கோபமும் இல்லை.

மின்சாரம் வந்ததும் புதிதாக மாவு கலந்து மூன்றையும் சுட்டெடுத்தேன். கேரமல் காய்ச்சுவது கேஸ் அடுப்பில்தானே, அதற்கு மின்சாரம் எதற்கு என்று கேட்பீர்கள். வெளிச்சத்துக்குத்தான் ஐயா. சர்க்கரை 160 டிகிரியைத் தாண்டி உருகி, தேன் நிறத்துக்கு வந்து, செம்மை ஏறி, அடுத்த சில நொடிகளில் கரிந்து கசப்பாகிவிடும். அந்தச் செம்மை ஏறும் நொடியில் வெண்ணெயையும் சூடான கிரீமையும் சேர்க்க வேண்டும். அதற்குக் கண்தான் அளவுகோல். சரியாக அந்த நேரத்தில் தெருவே இருண்டது. கைப்பேசி விளக்கின் வெள்ளை வெளிச்சம் பாகில் பட்டுப் பளபளத்ததே தவிர, நிறம் தெரியவில்லை. ஒரு சட்டிச் சர்க்கரை வீணாகி, இரண்டாவது முறை காய்ச்சித்தான் கேக்கை அடுக்கி முடித்தேன். பிறகு அணைந்துகிடந்த ஃபிரிட்ஜுக்குள் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கோடையில் எங்கள் ஊர் இரவின் புழுக்கம் தாங்கள் அறிந்ததே. வெண்ணெய்க் கிரீம் இளகி, விடிவதற்குள் மேலடுக்கு ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. கேரமலோ கடற்காற்றின் ஈரத்தை இழுத்து நீர்விட்டுக்கொண்டிருந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கடையில் அவசரமாக வாங்கிய வேறொரு கேக்கை அந்தப் பெரியவர்கள் வெட்டினார்கள்.

இதில் எந்தக் கட்டத்திலும் ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தால் நிலைமை மாறியிருக்கும் என்பதே என் முறையீடு. மாலையிலேயே தெரிந்திருந்தால் மாவைக் கலந்தே இருக்க மாட்டேன். இரவில் மீண்டும் போகும் என்று தெரிந்திருந்தால் கேரமலை மறுநாள் காலைக்கு ஒதுக்கியிருப்பேன். விடியும்வரை வராது என்றாவது சொல்லியிருந்தால், ஐஸ் கம்பெனியில் ஐஸும் புதிதாக ஒரு தெர்மாகோல் பெட்டியும் வாங்கிவந்து கேக்கைக் காப்பாற்றியிருப்பேன். மின்சாரமே போகக்கூடாது என்று நான் கேட்கவில்லை. போவதைச் சொல்லிவிட்டுப் போங்கள் என்றே கேட்கிறேன்.

இது சலுகையும் அல்ல. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு மின் நுகர்வோர் உரிமை விதிகள், திட்டமிட்ட மின்தடையை நுகர்வோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், எதிர்பாராத பழுது என்றால் உடனே குறுஞ்செய்தி வழியாகவோ வேறு மின்னணு வழியிலோ, எப்போது சரியாகும் என்ற உத்தேச நேரத்துடன் அறிவிக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. எங்கள் கைப்பேசி எண் தங்களிடம் இல்லையோ என்று ஐயப்படவும் வழியில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டணத் தொகையும் கடைசித் தேதியும் அதே எண்ணுக்குத் தவறாமல் வந்து சேர்கின்றன. அந்தச் செய்தி மட்டும் எந்தப் பழுதிலும் சிக்கியதில்லை.

உப்புக்காற்றுதான் காரணம் என்று, தங்கள் அலுவலகத்துக்கு நேரில் சென்றபோது விளக்கினார்கள். கம்பத்தில் மின்கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டரில் உப்புப் படிந்து, அதன்மேல் பனியோ தூறலோ விழுந்தால் மின்கசிவு ஏற்பட்டு லைன் நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் கடல் போன வருடம் இங்கே குடிவந்ததல்ல. உப்பைக் கழுவும் வேலைக்கு ஒரு கால அட்டவணை வைத்து, அதற்காகப் பகலில் சில மணி நேரம் நிறுத்தினால் யாரும் மறுக்கப் போவதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்கு முந்தைய நாள் அறிவிப்பு வரும்போது நாங்கள் ஒருபோதும் முணுமுணுத்ததில்லை. கேஸ் ஓவன் வாங்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். ஃபிரிட்ஜையும் கேஸில் ஓட்ட முடியுமா என்று கேட்க வாய்வரை வந்தது. இன்னொருவர், கீழக்கரைத் தொதல் செய்தால் மின்சாரமே வேண்டாமே என்றார். நல்ல யோசனைதான். விறகடுப்பில் தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் வெல்லமும் மணிக்கணக்கில் கிண்டி நானும் தொதல் செய்வதுண்டு. ஆனால் இதே மாவட்டத்தின் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் வந்துவிட்ட பிறகு, விறகடுப்புக்குத் திரும்புங்கள் என்பதா எங்களுக்குக் கிடைக்கும் பதில்? வீட்டில் தொழில் செய்வதால் வணிக இணைப்புக்கு மாறுங்கள் என்று கேட்கும்போது மட்டும் நாங்கள் செய்வது தொழிலாகத் தெரிகிறதே?

வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கம்பத்தில் ஏறும் ஊழியர்கள் மழையிலும் இருட்டிலும் படும் பாட்டை அறிவோம். புயல் நாளில் மின்சாரத்தை நிறுத்துவது எங்கள் உயிர் காக்கத்தான் என்பதையும் அறிவோம். எங்கள் தெருவில் நெபுலைசர் வைத்திருப்பவரும், இன்சுலினை ஃபிரிட்ஜில் வைத்திருப்பவரும் கேட்பது நான் கேட்பதைத்தான். நிறுத்துவதற்கு முன் சொல்லுங்கள். தானாக நின்றுவிட்டால் எப்போது வரும் என்று சொல்லுங்கள்.

வரும் ஆவணியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு இதே கேரமல் கேக்கைச் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறேன். அந்த வாரத்தில் எங்கள் லைனில் வேலை ஏதும் இருக்குமானால், முந்தைய நாள் மாலைக்குள் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப ஏற்பாடு செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் நுகர்வோர் எண்ணும் கைப்பேசி எண்ணும் கட்டணச் செய்தி அனுப்பும் பிரிவில் இருக்கின்றன.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரையோரம் வீட்டில் கேக் செய்து விற்கும் ஒரு நுகர்வோர்